மாற வேண்டியது யார்?

வணக்கம் சொன்னேன். பதில் இல்லை.

காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அந்த இளைஞன் தலையைக்கூடத் தூக்கவில்லை. மேஜையில் குவிந்து கிடந்த பிளாஸ்டிக் மூடிகளைப் பத்துப் பத்தாக ஒதுக்கிக்கொண்டே இருந்தான். 'சரியான திமிர்!' என்று எனக்குள்ளே இருக்கும் நீதிபதி தீர்ப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திவிட்டார். எல்லாம் சேர்த்து ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது.

இது நடந்தது காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில். திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அங்கே என் கல்லூரி நண்பன் பாட்டில் மூடி செய்யும் சின்ன கம்பெனி வைத்திருக்கிறான். இரண்டு பேரும் ஒரே பி.காம். வகுப்பு, ஒரே கடைசி பெஞ்ச். நான் கணக்கை விட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்தேன். அவன் கணக்கையும் விடவில்லை, கடனையும் விடவில்லை.

"என்னடா, உன் ஆள் ரொம்ப கெத்தா இருக்கான்?" என்றேன்.

நண்பன் என் முகத்தைப் பார்த்தான். "கெத்து இல்லடா. அவனுக்கு ஆட்டிசம். நீ கத்தினது அவனுக்கு வலிச்சிருக்கும்."

பத்திரிகைக்காரனாக இத்தனை வருஷம் குப்பை கொட்டிய எனக்கு அன்றைக்குக் கிடைத்த அறை அது. ஆட்டிசம் பற்றி நானே இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். இரண்டிலும் குழந்தைகள்தான் இருந்தார்கள். அந்தக் குழந்தைக்கு ஒருநாள் மீசை முளைக்கும், இருபத்தொன்பது வயசு ஆகும், ஒரு ஃபேக்டரியில் என் எதிரே உட்கார்ந்திருக்கும் என்று யோசித்ததே இல்லை. 'ஹரிதாஸ்' (2013) படம் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவர்கள் நாம். அந்தப் பையன் ஓடி முடித்ததும் படம் முடிந்துவிட்டது. அவனுக்கு முப்பது வயசானபோது என்ன ஆயிற்று என்று நாம் கேட்கவில்லை.

நாலரை மணிக்கு அப்பா வந்தார். டி.வி.எஸ். வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, வாசலிலேயே நின்றார். அறுபத்தைந்தைத் தாண்டியவர். அம்பத்தூர் பக்கம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் கை கழுவி வருவதற்குள் டீ வந்தது. நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"பெரியவங்களுக்குன்னு ஏதாவது தெரபி இருக்குதா சார்? எங்க போனாலும் 'பையனுக்கு என்ன வயசு?'ன்னு கேக்கறாங்க. சொன்னா, 'சின்ன வயசுலயே வந்திருக்கணும்'ங்கறாங்க. சின்ன வயசுலயும்தான் போனோம்!"

போனார்கள்தான். திருவள்ளூரில் வீரராகவப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றே பெயர். நோய் தீர வேண்டிக்கொண்டு குளத்தில் வெல்லம் கரைப்பது ஊர் வழக்கம். அமாவாசைக்கு அமாவாசை இவர்களும் கரைத்தார்கள். அதில் தப்பில்லை. வெல்லம் யாரையும் ஏமாற்றாது. ஏமாற்றியது வேறொரு இடம். 'ஆறு மாசத்துல மத்த பசங்க மாதிரி ஆக்கிடறோம்' என்று பேக்கேஜ் போட்டுப் பணம் வாங்கிய ஓர் இடம். அந்த அம்மாவின் நகை அதில் கரைந்தது. வெல்லம் போலவே.

"கடைசியில என்ன சார் கத்துக்குடுத்தாங்க? கையை ஆட்டாம உட்காரணும், கண்ணைப் பார்த்துப் பேசணும். வீட்டுக்கு வந்தா சுவத்துல தலையை முட்டிக்குவான். ஏன்னு எங்களுக்குப் புரியல. பத்து வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. நாள் பூரா அடக்கி வெச்சிருக்கான், சாயங்காலம் வெடிக்குது."

அந்தக் கடைசி வரிதான் இந்த வாரக் கட்டுரை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஆட்டிசம் நோய் அல்ல. தொற்றாது, ஊசி போட்டால் இறங்காது. மூளை வளரும் விதத்திலேயே பிறவியிலிருந்து இருக்கும் ஒரு வேறுபாடு. பிறரோடு பழகுவது, பேச்சு, சத்தம்-வெளிச்சம்-தொடுகை இவற்றை உணர்வது, ஒரே ஒழுங்கை விரும்புவது, இதெல்லாம் அவர்களுக்கு வேறு மாதிரி. ஒருவர் கம்ப்யூட்டர் புரொகிராம் எழுதுவார். இன்னொருவருக்குச் சாப்பிட, குளிக்க, வாழ்நாள் முழுக்க ஆள் துணை வேண்டும். இரண்டு பேருக்கும் சர்ட்டிஃபிகேட்டில் ஒரே பெயர்தான்.

தமிழில் 'மதியிறுக்கம்' என்கிறார்கள். அரசு வழக்கில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்றும் ஒரு பிரயோகம் உண்டு. எனக்கு அந்தச் சொல்மீது வருத்தம். நண்பனின் கம்பெனியில் கழிவுப் பிளாஸ்டிக்கை அரைக்கும் கிரைண்டர் ஓடும்போது எனக்குக் காது கொஞ்சம் கூசியது, அவ்வளவுதான். அந்த இளைஞன் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுவானாம். புற உலகம் அவனுக்கு இல்லாமல் இல்லை. நமக்கு இருப்பதைவிட அதிகமாக, தடுப்பில்லாமல், உள்ளே வந்து கொட்டுகிறது.

1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் பதினோரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்வதன் மருத்துவ வரலாறு அங்கேதான் சூடு பிடித்தது. அதற்கப்புறம் கால் நூற்றாண்டுக்கு மேல் பழி யார் தலையில் விழுந்தது தெரியுமா? அம்மாக்கள் தலையில். பாசமில்லாத 'ஃப்ரிட்ஜ் அம்மா'க்களால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்றார்கள். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-ல் அதை ஒரு புத்தகமாகவே எழுதினார். 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் இரட்டைப் பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்து, இதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று காட்டினார்கள். ஆனாலும் நம் தெருவில் இன்னும் பழைய தீர்ப்புதான். 'அவ எந்நேரமும் டி.வி. பார்த்தா... அதான்!'

சரி, கேள்விக்கு வருவோம். தெரபி என்றால் யாரை மாற்றுவது?

பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இரட்டைப் பதிவு. எந்த நடவடிக்கைக்கும் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் பற்று எழுதினால், இன்னொரு பக்கம் வரவு எழுதியே தீரணும். ஒரே பக்கம் எழுதினால் அது கணக்கு இல்லை, கள்ளக்கணக்கு. டேமியன் மில்டன் என்று பிரிட்டனில் ஒரு சமூகவியல் அறிஞர். அவரே ஆட்டிசம் உள்ளவர். 2012-ல் அவர் சொன்னது கிட்டத்தட்ட இதே பாடம்தான். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனசு புரிவதில்லை என்கிறீர்களே, மற்றவர்களுக்கு மட்டும் அவர்கள் மனசு புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. பழி மட்டும் ஏன் ஒரு பக்கம்?

என் ஐந்து விநாடித் தீர்ப்பை நினைத்துக்கொண்டேன். அந்த மேஜையில் இரண்டு பேருக்கு ஒருவரை ஒருவர் புரியவில்லை. ஒருவருக்குச் சர்ட்டிஃபிகேட் உண்டு. இன்னொருவர் பத்தி எழுதுகிறார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. இருபத்தொன்பது வயசு ஆளை இவ்வளவு நேரம் 'அவன்' என்றே எழுதிவிட்டேன். அப்பா 'அவன்' என்றால் அது உரிமை. நான் எழுதினால்? இனி 'அவர்'.

நண்பன் ஒன்று சொன்னான். "அவன் எண்ணினா நூத்துல ஒண்ணு தப்பாதுடா. எனக்கு லாபம்தான்." உடனே எனக்குக் கட்டுரைத் தலைப்பே கிடைத்துவிட்டது: 'காக்களூரின் கணித மேதை'! 1988-ல் வந்த 'ரெய்ன் மேன்' ஹாலிவுட் படத்திலிருந்து நமக்குப் பழக்கமான பாதை அது. ஆட்டிசம் என்றால் உள்ளே ஒரு மேதை ஒளிந்திருக்கணும். இல்லாவிட்டால் நமக்கு ஆர்வம் இல்லை.

அப்புறம் யோசித்தேன். எண்ணிக்கை தப்பினால்? மூடியே எண்ணத் தெரியாதவராக இருந்தால்? மரியாதை கிடையாதா? நம் தாத்தா படுத்த படுக்கையாக இருந்தபோது 'இவர் என்ன உற்பத்தி செய்கிறார்?' என்று கேட்டோமா? ஒரு மனுஷன் நிம்மதியாக இருக்கும் உரிமையை, வேலை செய்து சம்பாதித்துக் காட்ட வேண்டும் என்றால், நாம் பேசுவது அன்பு இல்லை. வட்டிக்கு விடுவது.

ஆனால், எதிர்ப்பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை அப்பாவே சொன்னார்.

"நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு சார். ஊர் மாறட்டும்னு நான் உட்கார்ந்திருக்க முடியுமா? பஸ் ஸ்டாண்டுல ஒருதடவை ஒரு பொம்பளைப் பிள்ளை துப்பட்டாவைத் தொட்டுப் பார்த்துட்டான். கலர் பிடிச்சிருச்சு, அவ்ளோதான். நாலு பேர் சேர்ந்து அடிச்சிட்டாங்க. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, பயந்துருச்சு. நான் கத்துக்குடுத்துத்தானே ஆகணும்?"

ஆகணும். இதற்கு நான் எந்தத் தத்துவமும் பேச முடியாது. ரோட்டைக் கடப்பது, காசு எண்ணுவது, யாரைத் தொடலாம், யார் தன்னைத் தொட்டால் 'வேணாம்' என்று சொல்லணும், இதெல்லாம் கற்றுக்கொள்ளாவிட்டால் அடி விழுவது அவருக்குத்தான். ஆகவே 'மாற்றவே கூடாது' என்பதும் ஒரு பக்கக் கணக்குதான். எனக்குத் தெரிகிற ஒரே உரைகல் இதுதான்: இந்தப் பயிற்சியால் யாருக்கு வாழ்க்கை லேசாகிறது? ரோட்டைக் கடக்கத் தெரிந்தால் லேசாவது அவருக்கு. கையை ஆட்டாமல் உட்கார்ந்தால் லேசாவது நமக்கு. பார்க்க நமக்குச் சங்கடமாக இருக்கிறதே என்று அவர் கையைக் கட்டுகிறோம். அதற்குத் தெரபி என்று பெயர் வைத்து, அவர் அப்பாவிடமே பில்லும் வாங்கிக்கொள்கிறோம்.

அப்படியானால் பெரியவர்களுக்கு எது உதவும்? பிரிட்டனில் மருத்துவ நெறிமுறை வகுக்கும் 'நைஸ்' என்ற அமைப்பு 2012-ல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் இருப்பதெல்லாம் எளிமையான விஷயங்கள். பழகும் முறைகளைக் குழுவாகவோ தனியாகவோ கற்பது. குளியல், சமையல், கடைக்குப் போவது மாதிரி அன்றாடத் திறன்கள். வேலை தேடவும், கிடைத்த வேலையில் நிலைக்கவும் கூடவே ஒருவர் துணை நிற்பது. ஒழுங்காகத் திட்டமிட்ட பொழுதுபோக்கு. பதற்றமோ மனச்சோர்வோ சேர்ந்திருந்தால் அதற்கு அவருக்கேற்ற முறையில் உளவியல் சிகிச்சை. ஆட்டிசத்தையே போக்க என்று மருந்து தராதே, உடம்பிலிருந்து உலோகத்தை இறக்குகிறேன், ஆக்ஸிஜன் அறையில் அடைக்கிறேன் என்று போகாதே என்றும் அதில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. நம் ஊரிலும் தேசிய மருத்துவ ஆணையம், ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று 2022-ல் தெளிவாகச் சொன்னது. 'குணப்படுத்திடறோம்' என்று யாராவது சொன்னால், பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பேச்சு வராதவருக்குப் படம் காட்டிப் பேசும் வழிகள் உண்டு. சென்னையிலேயே உருவான 'ஆவாஸ்' என்ற செயலியில் படத்தைத் தொட்டால் அது குரலாகும். 'தண்ணி வேணும்' என்று சொல்ல முடிவதைவிட 'எனக்கு இது வேணாம்' என்று சொல்ல முடிவது பெரிய விடுதலை என்று நினைக்கிறேன்.

இனி அப்பாவின் இரண்டாவது கேள்வி. ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்ற எல்லோரும் கேட்கும் கேள்வி. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மகன் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"எனக்கப்புறம்?"

சட்டத்தில் தெரிந்ததைச் சொன்னேன். 1995-ம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே கிடையாது. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. அதில் ஆட்டிசமும் உண்டு. அரசு வேலைக்கான 4 சதவிகித ஒதுக்கீட்டில், ஆட்டிசம் உள்ளிட்ட சில வகைகளுக்குச் சேர்த்து ஒரு சதவிகிதம் இருக்கிறது. பதினெட்டு வயசு ஆகிவிட்டால் சட்டப்படி அப்பா-அம்மா தானாகப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. தேவைப்பட்டால் கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து, சட்டபூர்வப் பாதுகாவலர் நியமனம் வாங்கணும். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கிய தேசிய நிறுவனம் ஒன்று பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே இயங்குகிறது. முதல் படி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

அப்பா தலையாட்டினார். பாதி அவருக்கு முன்பே தெரியும். "இதெல்லாம் பேப்பர் சார். ராத்திரி கரன்ட் போனா அவன் பயந்துக்குவான். அப்ப பக்கத்துல யாரு உட்காருவாங்க?"

பதில் தெரியாதபோது வேறொரு ஆளின் கதையைச் சொல்வது என் தொழில். கானர் எழுதிய பதினோரு குழந்தைகளில் முதலாமவர், டொனால்ட் டிரிப்லெட், பிறந்தது 1933-ல், மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊரில். மூன்று வயசு தாண்டியதும் டாக்டர் சொல்படி அவரை ஒரு விடுதியில் விட்டார்கள். சுமார் ஒரு வருஷம் கழித்துப் பெற்றோரே போய்த் திரும்பக் கூட்டி வந்துவிட்டார்கள். பிறகு அவர் படித்தார், பட்டம் வாங்கினார், ஊர் பேங்க்கில் அறுபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாகவே பல நாடுகளுக்குப் போய் வந்தார். 2023-ல், 89 வயசில், அதே ஊரில் காலமானார். அப்பா அம்மா போய்ப் பல வருஷங்களுக்குப் பிறகு.

உடனே கை தட்டாதீர்கள். அந்த பேங்க்கில் அவர் குடும்பத்துக்கே பங்கு இருந்தது. வசதியான வெள்ளைக்காரக் குடும்பம். காக்களூர் ஃபிட்டருக்கு பேங்க் ஏது? ஆனால் டொனால்டைப் பற்றி விசாரிக்க அந்த ஊருக்குப் போன பத்திரிகையாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ஊரே அவருக்குக் காவலாக இருந்தது. அவருடைய வினோதப் பழக்கங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைத் திருத்தக் கிளம்பவில்லை. குடும்பம் பணத்தால் கொடுத்ததை நம்மால் கொடுக்க முடியாது. ஊர் கொடுத்ததற்குப் பணம் தேவைப்படவில்லை.

நண்பனும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. மேஜையைக் கிரைண்டரிலிருந்து தள்ளி மூலையில் போட்டான். கிரைண்டரைப் போடுவதற்கு முன்னால் ஆபரேட்டர் வந்து ஒரு பச்சைத் துணியைக் காட்டணும். அவர் காதுக்கு மாட்டிக்கொண்டதும்தான் ஸ்விட்ச். அன்றைக்கு என்னென்ன வேலை என்று காலையில் போர்டில் வரிசையாக எழுதிவிடுவான். இடையில் மாற்ற மாட்டான். பின்னால் நின்று தோளைத் தட்டக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறான். "முதல் மாசம் நானே ரெண்டு தடவை 'நாளைலேர்ந்து வேணாம்'னு சொல்ல நினைச்சேன்டா" என்று ஒப்புக்கொண்டான். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. மொத்தச் செலவு ஒரு இயர் மஃப், ஒரு முழம் துணி. இதில் மாறியது அவர் அல்ல. கம்பெனிதான் கொஞ்சம் மாறியது. சுவரில் தலையை முட்டிக்கொள்வது குறைந்துவிட்டது என்றார் அப்பா.

கிளம்பும்போது அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். பால் கணக்கு எழுதும் சைஸ். அதில் வரிசையாகப் பெயர்கள். டீக்கடைக்காரர், பக்கத்து வீட்டு ஆசிரியை, ஷேர் ஆட்டோ டிரைவர், மருந்துக்கடைப் பையன், என் நண்பன், பச்சைத் துணி காட்டும் ஆபரேட்டர். தலைப்பு எதுவும் இல்லை.

"அவனைத் தெரிஞ்சவங்க சார். வருஷத்துக்கு ரெண்டு மூணு பேராச்சும் சேர்த்துடணும்னு வெச்சிருக்கேன். எனக்கப்புறம் இந்த நோட்டுதான்." கொஞ்சம் தயங்கி, "உங்க பேரை எழுதிக்கட்டுமா?" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உடனே 'சரி' வரவில்லை. நான் இருப்பது சென்னையில். எனக்கே ஆயிரம் வேலை. கட்டுரை எழுதுவது சுலபம். நோட்டில் பெயர் ஏறுவது பொறுப்பு. பி.காம். மொழியில் சொன்னால், அந்தப் பக்கம் எழுதினால் நான் கடனாளி. இரண்டு விநாடி... மூன்று விநாடி... ஒருத்தருக்குத் 'திமிர்' என்று தீர்ப்பு எழுத இதைவிடக் கொஞ்சம்தான் கூட ஆகியிருந்தது.

"எழுதிக்குங்க" என்றேன்.

மகன் கை கழுவிவிட்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. வண்டியில் ஏறி, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை நான் வணக்கம் சொல்லவில்லை. ஓரமாக நகர்ந்து வழி விட்டேன்.

உங்கள் தெருவிலும் யாரோ ஒருவர் சட்டைப் பையில் இப்படி ஒரு நோட்டு வைத்திருப்பார். நோட்டு இல்லாவிட்டாலும் மனசில் வைத்திருப்பார். கேட்கக் கூச்சப்படுவார். நீங்களே போய் உங்கள் பெயரைச் சொல்லிவிடுங்களேன்.